கஞ்சா நெய்யைப் பொதுப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்

பண்டிகை விருந்தில் கஞ்சா சேர்த்த பண்டம் ஒன்று வைக்கலாம் என்று பேச்சு எழுந்தால், பெரும்பாலோர் முதலில் கேக்கையும் பிரௌனியையும்தான் நினைக்கிறார்கள். நான் இனிப்பின் பக்கமே போவதில்லை. இனிப்பை யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. குழந்தைகளின் கை முதலில் நீள்வதும் அங்கேதான். கிரேவியும் சாலட் மேல் ஊற்றும் கலவையும் ஆகாது. ஒருவர் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வார், அடுத்தவர் மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வார். விருந்தின் முதன்மை உணவில் சேர்த்தாலோ, பசியோடு வந்தவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு உட்கொண்டுவிடுவார். எனக்குச் சரிப்பட்டு வந்தது தொடுகறி; அதிலும் ஆளுக்கொரு சிறு பீங்கான் கிண்ணத்தில் வைத்த மசித்த உருளைக்கிழங்கு. கிண்ணம் காலியானால் அவரவர் பங்கு முடிந்தது. கூடுதலாக வேண்டும் என்பவருக்குக் கஞ்சா சேராத அதே மசியல் பெரிய பாத்திரத்தில் சூடாகக் காத்திருக்கும்.

இதைச் செய்யத் தொடங்கியதற்குக் காரணம் எளியது. எங்கள் வட்டத்தில் கஞ்சா புகைப்பவர்கள் சிலர் உண்டு. விருந்தின் நடுவில் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். மேசை பாதி காலியாகிவிடும். திரும்பி வரும்போது உணவு ஆறியிருக்கும். புகை நாற்றம் பிடிக்காதவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் ஒதுங்கி உட்காருவார்கள். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் உண்டு எழ வேண்டும் என்ற ஆசைதான் என்னை அடுப்படிக்குக் கொண்டு போனது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் நாட்டில் வயது வந்தவர்கள் கஞ்சாவை வாங்கவும் வீட்டில் சமைக்கவும் அனுமதி உண்டு. உருகுவே 2013-இலும் கனடா 2018 அக்டோபரிலும் ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் வெவ்வேறு கட்டுப்பாடுகளோடு கஞ்சாப் பயன்பாட்டை அனுமதித்தன. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாப்பூவை வைத்திருப்பதே குற்றம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எங்கும் இந்தச் சமையலுக்கு இடமில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அந்நாட்டுச் சட்டம் அவர்கள்மேல் பாயும். விருந்துக்கு வரும் உறவினர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். நான் கேட்கிறேன். வேலையிடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதா என்றும் கேட்கிறேன். உட்கொண்ட போதை சில மணி நேரத்தில் இறங்கிவிட்டாலும், அதன் எச்சம் சிறுநீரில் பல நாட்கள் தெரியும். அடிக்கடி உட்கொள்பவருக்கு வாரக்கணக்கில்கூடத் தெரியும். லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கால் வேலை போகக் கூடாது.

இனி கணக்கு. இந்தச் சமையலில் உப்பையும் காரத்தையும் நாக்கு பார்த்துக்கொள்ளும். போதைப்பொருளின் அளவை நாக்கால் அறிய முடியாது. எனவே தராசும் காகிதமும் பேனாவும் வேண்டும்.

கஞ்சாவின் போதைக்கு முதன்மைக் காரணம் டி.எச்.சி. என்னும் பொருள். 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்குலமும் யெகியேல் கவோனியும் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டறிந்தார்கள். பச்சைப் பூவில் அது பெரும்பாலும் அமில வடிவில், டி.எச்.சி.ஏ. என்ற பெயரில் இருக்கிறது. அந்த வடிவம் போதை தராது. சூடேற்றும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய், மிச்சம் டி.எச்.சி. ஆகிறது. அப்படிப் பிரியும்போது எடை குறைவதால், 100 மில்லிகிராம் அமிலம் ஏறத்தாழ 88 மில்லிகிராம் டி.எச்.சி.யாகத்தான் மாறும். உரிமம் பெற்ற கடையில் வாங்கும் பொட்டலத்தில் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். ‘மொத்த டி.எச்.சி.’ என்று போட்டிருந்தால் இந்தக் கழிவு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. அமிலத்தின் அளவை மட்டும் தனியாகப் போட்டிருந்தால் அதை 0.877-ஆல் பெருக்க வேண்டும். சதவீதமே தெரியாத பூவை நான் விருந்துக்குப் பயன்படுத்துவதில்லை. நண்பர் அன்போடு தன் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்தாலும் அப்படித்தான்; அதன் வலிமை அவருக்கே தெரியாது.

மொத்த டி.எச்.சி. 15 சதவீதம் உள்ள பூ 1 கிராம் எடுத்தால் அதில் 150 மில்லிகிராம் இருக்கிறது. அதை 200 கிராம் நெய்யில் ஊறவைக்கிறேன். ஒரு கிராம் நெய்க்கு 0.75 மில்லிகிராம். இந்த நெய் மிக மெலிது என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டுமென்றேதான் மெலிதாகச் செய்கிறேன். நெய் வலிமையாக இருந்தால் ஒரு பங்குக்கு அரை கிராம் மட்டுமே தேவைப்படும். அந்த அளவில் சமையலறைத் தராசின் சிறு பிழைகூட ஒருவரின் பங்கை இரட்டிப்பாக்கிவிடும். என் நெய்யில் 2.5 மில்லிகிராமுக்கு 3.3 கிராம் வேண்டும், அதாவது ஏறத்தாழ முக்கால் தேக்கரண்டி. கை சற்றுத் தவறினாலும் பெரிய வேறுபாடு வராது. அதோடு, யாராவது 10 மில்லிகிராம் கேட்டால் ஒரே கிண்ணத்தில் 13 கிராம் நெய் ஊற்ற வேண்டியிருக்கும். கிண்ணமே நெய்யில் மிதக்கும். நெய்யே அளவுக்குக் காவல் நிற்கிறது.

ஏன் 2.5? கனடா அரசின் சுகாதாரத் துறை புதியவர்களுக்கு 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கச் சொல்கிறது. அந்நாட்டில் கடையில் விற்கும் உண்ணக்கூடிய கஞ்சாப் பொட்டலம் ஒன்றில் மொத்தமே 10 மில்லிகிராம்தான் இருக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா, கொலராடோ மாநிலங்களில் 10 மில்லிகிராமை ஒரு வேளைப் பங்காகக் கொள்கிறார்கள்; அதைப் புதியவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. பழகியவர்களும் என் மேசையில் 5-க்கு மேல் பெறுவதில்லை. விருந்தில் பேச்சும் சிரிப்பும் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் சோபாவில் கண் சொருகிக் கிடக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூவில் இருப்பது முழுவதும் நெய்யில் இறங்குவதில்லை, சூட்டில் கொஞ்சம் வீணாகும், துணியில் கொஞ்சம் ஒட்டும். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த இழப்பைக் கணக்கில் கழிக்கக் கூடாது. முழுவதும் இறங்கியதாகவே வைத்துக் கணக்கிடுங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் விருந்தினர் சற்று ஏமாறுவார், அவ்வளவுதான்.

சமையல் விருந்துக்கு முந்தின நாளே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் மணம் வீடெங்கும் பரவும். சன்னல்களைத் திறந்துவைக்கலாம்; இருந்தாலும் திரைச்சீலையில் மாலைவரை நிற்கும். பூவை மாவாக அரைக்காமல் விரலால் உதிர்த்து, மூடியுள்ள சிறு கண்ணாடித் தட்டில் பரப்பி, 115 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் 40 நிமிடம் வைக்கிறேன். ஓவன் முகப்பில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. வீட்டு ஓவன்கள் குறித்த சூட்டிலிருந்து 10, 20 டிகிரி மேலும் கீழுமாக ஊசலாடும். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்து, சூடு நிலைத்த பிறகுதான் தட்டை ஏற்ற வேண்டும். சூடு மிகுந்தால் டி.எச்.சி. சிதைந்து, அதன் ஒரு பகுதி சி.பி.என். என்ற வேறு பொருளாக மாறும், மணமும் கருகும். நிறம் பச்சையிலிருந்து மெல்லிய பழுப்புக்கு வந்து, விரலில் நொறுங்கினால் போதும். தட்டு முழுதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்கிறேன்.

வெண்ணெயில் ஊறவைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெண்ணெயில் கொழுப்பு ஏறத்தாழ 80 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். 200 கிராம் வெண்ணெய் எடுத்து ஊறவைத்துத் தண்ணீரைப் பிரித்தால் கையில் 160 கிராம் கொழுப்புதான் இருக்கும். 150 மில்லிகிராம் அத்தனையும் அந்த 160-இல் அடங்கிவிடும். ஒரு கிராமுக்கு 0.75 என்று நினைத்து ஊற்றுவது உண்மையில் 0.94 ஆகியிருக்கும். நெய்யில் தண்ணீர் இல்லாததால் இந்தக் குழப்பம் இல்லை. வடிகட்டும்போது கொஞ்சம் நெய் துணியோடு போனாலும், மிச்ச நெய்யின் வலிமை மாறாது. டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதால் நெய்யைவிட வாகான பொருள் சமையலறையில் இல்லை.

நெய்யையும் உதிர்த்த பூவையும் கண்ணாடிச் சாடியில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, 85-லிருந்து 90 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் நெய் தீயும் பயம் இல்லை. நீராவி சாடிக்குள் இறங்காமல் தட்டால் மூடி, இடையிடையே திறந்து கிளறினால் போதும். பிறகு மெல்லிய மல்மல் துணியில் ஊற்றி, தானாக வடிய விடுகிறேன். கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்க ஆசை வரும். பிழிந்தால் பச்சையமும் கசப்பும்தான் கூடுதலாக இறங்கும். வடித்த நெய்யை உறையும்வரை ஓரிரு முறை கலக்கிவிட்டு, சாடியின் மேல் கொட்டை எழுத்தில் ‘கஞ்சா நெய், 1 கிராமில் 0.75 மி.கி.’ என்றும் செய்த தேதியையும் எழுதி ஒட்டுகிறேன். பெயர் ஒட்டாத சாடி என் வீட்டுக் குளிர்பெட்டியில் நுழையக் கூடாது. தோசைக்கு நெய் தேடும் கை அங்கேயும் வரும்.

இன்னொரு வழியாக, பியூட்டேன் போன்ற எரிவாயுவை வைத்து வீட்டிலேயே பிழிந்தெடுக்கும் முறையைப் பற்றிச் சிலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். வீடு வெடிக்கும். கஞ்சாவை அனுமதித்த கனடாவே அதைத் தடைசெய்திருக்கிறது. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

இனி உருளைக்கிழங்கு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வேகவைத்தால் மாவாக உதிரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மெழுகு போன்ற சதைப்பற்றுள்ளவை மசியலில் பசையாகும். ஒரே அளவுத் துண்டுகளாக்கி, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்து நடுப்பகுதி வேகாமல் நிற்கும். வெந்ததும் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் திரும்பக் கொட்டி, மூடாமல் சில நிமிடம் விடுங்கள். ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். ஈரம் போன கிழங்குதான் கொழுப்பை நன்றாக உள்வாங்கும். சூடு ஆறுவதற்குள் சல்லடையில் தேய்த்தோ மத்தால் மசித்தோ எடுத்து, முதலில் சாதாரண வெண்ணெய், அதன்பின் வெதுவெதுப்பான பால் என்ற வரிசையில் சேர்க்கிறேன். மிக்ஸியில் போட்டு அடிக்கவே கூடாது; மாவுச்சத்து உடைந்து கோந்தாகிவிடும்.

கஞ்சா நெய்க்குப் புல்வாசமும் மெல்லிய கசப்பும் உண்டு. சுட்ட பூண்டு, ரோஸ்மேரி, புதிதாகப் பொடித்த மிளகு, துளி ஜாதிக்காய் ஆகிய நான்கும் அதோடு ஒத்துப்போகின்றன. சாதாரண வெண்ணெயைத் தனியாகப் பொன்னிறமாக முறுகக் காய்ச்சி மேலே ஊற்றினால் கசப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். கஞ்சா நெய்யை அப்படி முறுகவிடக் கூடாது, அதைச் சூட்டிலிருந்து காக்க வேண்டும். ஆனால் அந்த வாசத்தை முழுவதுமாக மறைக்க நான் முயல்வதில்லை. முதல் வாய் எடுத்தவுடன் இது வேறு கிண்ணம் என்று நாக்கு உணர வேண்டும். யாராவது கிண்ணம் மாற்றி எடுத்திருந்தால், அந்த முதல் வாயிலேயே தெரிந்துவிட வேண்டும்.

பரிமாறும் நேரத்தில்தான் நெய் சேர்கிறது. கிண்ணத்துக்கு 100 கிராம் மசியல். கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, உருக்கிய கஞ்சா நெய்யை அவரவர் அளவுக்கு எடை பார்த்து ஊற்றி, அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே கலக்குகிறேன். பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்துவிட்டுப் பிறகு பங்கிடுவது எளிதாகத் தெரியும். ஆனால் எவ்வளவு கிளறினாலும் கெட்டியான மசியலில் நெய் சீராகப் பரவியது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஓர் ஓரத்தில் ஒன்றுமே இல்லாமலும் இன்னோர் ஓரத்தில் இரண்டு பங்காகவும் தேங்கும். தனிக் கிண்ணத்தில் எப்படித் தேங்கினாலும் ஒருவருக்குப் போவது அவருக்கு அளந்த அளவுதான்.

கஞ்சா சேர்த்த கிண்ணங்கள் ஒரே நிறம், ஒவ்வொன்றிலும் ரோஸ்மேரிக் கொத்து, கீழே பெயரும் அளவும் எழுதிய சீட்டு. சேர்க்காதவை வேறு நிறம், மேலே வெங்காயத்தாள். இரண்டும் ஒரே தட்டில் வருவதில்லை. கஞ்சாக் கிண்ணங்களை நானே கையில் கொண்டுபோய் உரியவரிடம் கொடுப்பேன். மேசையில் வைத்துவிட்டு ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது கிடையாது.

உண்மையில் அந்தச் சீட்டை எழுதுவதற்கான வேலை ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் தொடங்கிவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுகிறேன். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள், நோயைப் பற்றிச் சொல்லவும் கூசுவார்கள். என் சித்திக்கு ஒருமுறை ருசி பார்த்தால் என்ன என்று ஆசை. மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சித்தி, நீங்கள் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் இல்லையா?”

“ஆமாம், இதயத்துக்கு. அதற்கும் இதற்கும் என்னம்மா?”

“இரண்டையும் கல்லீரலில் கிட்டத்தட்ட ஒரே நொதிகள்தான் கரைக்கின்றன. இது போனால் அந்த மருந்து இரத்தத்தில் கூடிவிடலாம், இரத்தக்கசிவு வரலாம். டாக்டரைக் கேட்காமல் நான் தரமாட்டேன்.”

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. சாதாரணக் கிண்ணம் வாங்கி இரண்டு முறை நிரப்பிக்கொண்டார். வலிப்பு மருந்து, மனநோய் மருந்து, தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், இதய நோய் உள்ளவர்கள், தாங்களோ நெருங்கிய உறவினரோ மனச்சிதைவால் அவதிப்பட்டவர்கள் ஆகியோருக்கு நான் பேச்சையே எடுப்பதில்லை. சட்டம் 18, 19 வயதிலேயே அனுமதித்தாலும், மூளை வளர்ச்சி ஏறத்தாழ 25 வயதுவரை தொடர்வதால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் கையால் கொடுப்பதில்லை. அவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதைப் பற்றி ஒரு சொல். அது குற்றம். நஞ்சு வைப்பதோடு சேர்த்துத்தான் அதை நான் எண்ணுகிறேன். தனக்கு என்ன ஆகிறது என்றே தெரியாத மனிதர் நெஞ்சு படபடத்து, சாகப் போகிறோம் என்று நடுங்கிப் போவார். அப்படிச் சிரிப்பவரோடு எனக்கு உறவு வேண்டாம்.

விருந்து மதியத்தில் நடக்க வேண்டும், இரவில் வேண்டாம். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். உண்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். வயிறு நிறையக் கொழுப்பான உணவு இருந்தால் இன்னும் தள்ளிப்போகும், உடல் உள்வாங்கும் அளவும் கூடலாம். உச்சம் பெரும்பாலும் இரண்டாம் மணியிலிருந்து நான்காம் மணிக்குள். பிறகு மெல்ல இறங்க மொத்தம் ஆறு, எட்டு மணி நேரம் ஆகும். சிலருக்குப் பன்னிரண்டு வரை இழுக்கும். உண்டது கல்லீரல் வழியாகப் போகும்போது டி.எச்.சி.யின் ஒரு பகுதி 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி. என்ற பொருளாக மாறுகிறது. அது மூளைக்குள் எளிதில் நுழையும். புகைப்பதிலிருந்து வேறுபட்ட, கனமான போதையைத் தரும். பல ஆண்டுகள் புகைத்துப் பழகியவர்கள்கூட உண்ணும்போது தடுமாறுவது இதனால்தான்.

என் கொழுந்தனார் அந்த வகை. கிண்ணத்தை முடித்து ஒரு மணி நேரம் ஆனதும் அடுப்படிக்கு வந்து நின்றார்.

“அண்ணி, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?”

“கிடையாது தம்பி. சாதா மசியல் இருக்கிறது, போட்டுத் தரட்டுமா?”

“நான் எவ்வளவோ நாளாகப் பழகியவன் அண்ணி. இந்த அளவு எனக்கு எம்மாத்திரம்?”

“முன்கூட்டியே பேசிக்கொண்டதுதானே? ஆளுக்கு ஒன்று. நாளைக்குப் பேசலாம்.”

மறுத்ததில் அவருக்கு வருத்தம்தான். இன்னும் முக்கால் மணி நேரம் கழித்து, மெத்தையில் சாய்ந்துகொண்டு, விளக்கைக் குறைக்கச் சொன்னார். இரண்டாம் கிண்ணமும் உள்ளே போயிருந்தால் அந்த மாலை அவருக்குக் கொடுமையாக முடிந்திருக்கும். உண்ணும் கஞ்சாவால் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலருடைய கதை இந்த இரண்டாம் பங்கில்தான் தொடங்குகிறது. ஆகவே வாக்குறுதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கேட்கும் நேரத்தில் விதி போட்டால் சண்டை வரும்.

மதுவும் இதுவும் சேர்ந்தால் இரத்தத்தில் டி.எச்.சி.யின் அளவு கூடுகிறது, தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. ஒயின் கோப்பையா, கஞ்சாக் கிண்ணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். கிண்ணம் வாங்குபவர் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அன்றிரவு அவர்களுக்கு எங்கள் வீட்டிலேயே படுக்கை, அல்லது கஞ்சாவும் மதுவும் தொடாத ஒருவரின் வண்டி. காலையில் எழுந்து தலை கனமாக இருந்தாலும் சாவி கிடைக்காது. வீட்டில் இரண்டு பெரியவர்களாவது எதையும் தொடாமல் தெளிவாக இருப்பது என்றும் ஒரு விதி வைத்திருக்கிறோம். சமைத்த நாளில் நான் தொடுவதில்லை.

அளவு மீறிப்போனால் என்ன செய்வது என்பதையும் அந்த இருவருக்கும் சொல்லி வைக்கிறேன். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நேரம்தான் தீர்க்கும். வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் அமைதியாக ஒருவர். இது நிச்சயம் இறங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது பெரிய ஆறுதல். வாந்தி வருமென்றால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், நிற்காத வாந்தி, வலிப்பு, இல்லாததைக் கண்டு கலவரப்படுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸை அழைத்து, என்ன உண்டார், எத்தனை மில்லிகிராம், எப்போது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிவைத்த எண் அங்கே உதவும்.

குழந்தைகள் விஷயத்தில் காத்திருப்பதே கூடாது. ஒரு சிறு குழந்தை ஒரு வாய் உண்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நஞ்சு உதவி மையத்தையோ மருத்துவமனையையோ உடனே தொடர்புகொள்ள வேண்டும். பெரியவருக்கு மெல்லியதாகத் தோன்றும் அளவு சிறு பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்தும், மூச்சையும் தடுமாறச் செய்யும். சிறு பிள்ளைகள் வரும் விருந்தில் கஞ்சாக் கிண்ணம் வைப்பதையே நான் விட்டுவிட்டேன். பூட்டும் சீட்டும் நிறமும் பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். தவழும் குழந்தைக்கு அவை எதுவும் தெரியாது. வீட்டு நாயும் அப்படியே. அது தட்டை நக்கினால் தள்ளாடும், சிறுநீர் சொட்டும், கண் விரிந்து நடுங்கும். மசியலில் இருக்கும் பூண்டும் நாய்க்கு நஞ்சுதான். ஆகவே கஞ்சாக் கிண்ணங்கள் காலியானவுடனே தனித் தொட்டியில் போய், உடனே கழுவப்படும். மல்மல் துணியும் வடித்த சக்கையும் மூடியுள்ள குப்பைத் தொட்டிக்கு.

மிச்ச நெய்யைப் பற்றி. தாவரம் ஊறிய கொழுப்பை வெளியில் வைத்தால், ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தாலும் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. பூண்டு ஊறிய எண்ணெயில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பூண்டை நெய்யோடு சேர்த்து ஊறவைப்பதே இல்லை, மசியலில் தனியாகத்தான் சேர்க்கிறேன். நெய்யைக் குளிர்பெட்டியில் பூட்டுள்ள டப்பாவில் வைத்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுகிறேன், அல்லது சிறு அச்சுகளில் 3.3 கிராம் வீதம் ஊற்றி உறைபெட்டியில் வைக்கிறேன். ஒரு கட்டி ஒரு பங்கு. விருந்தினர் ஊருக்குக் கட்டிக் கொண்டுபோகக் கேட்டால் தருவதில்லை. இரண்டு நாட்டிலும் சட்டம் அனுமதித்தாலும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது குற்றம்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது, உண்ட ஒவ்வொருவரிடமும் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, உறக்கம் எப்படி, படபடப்பு இருந்ததா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ஒரே அளவு இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. உடல் எடையை வைத்தும் ஊகிக்க முடியாது. கொழுந்தனாருக்கு 5 மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. என் நாத்தனார் அவரைவிட உயரமும் பருமனும் உள்ளவர், அவருக்கு 2.5-இலேயே நாக்கு வறண்டு, சுவர் நகர்வது போல் இருந்ததாம். பயப்படவில்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை என்றார். அடுத்த விருந்துக்கு அவர் கிண்ணத்தில் 1.3 கிராம் நெய்தான், 1 மில்லிகிராம். மிச்சக் கொழுப்புக்குச் சாதாரண நெய்.